தொட்டில் பழக்கம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை. பேசியதைப் பெரும்பாலும் பேசியபடியே எழுதித் தந்திருக்கிறேன்.)



விழாக் குழுவிலிருந்து போன் செய்தவர், "ஏதாவது டெக்னிக்கலா ஒரு இருபது நிமிஷம் பேசுப்பா" என்றார். நான் 2010-ஆம் ஆண்டு இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவில் படித்து முடித்தவன். அன்றிலிருந்து ரசாயன ஆலைகளின் கன்ட்ரோல் ரூமில்தான் பிழைப்பு. ஏதோ கன்ட்ரோல் வால்வு பற்றிப் பேசுவான் என்று அவர் நினைத்திருக்கலாம். நான் பேசப்போவது கைக்குழந்தையின் தூக்கத்தைப் பற்றி. அந்தத் தூக்கத்துக்கும் பிற்காலத்தில் அந்தக் குழந்தையின் நடத்தைக்கும் என்ன சம்பந்தம் என்பதைப் பற்றி. (கூடத்தில் சிரிப்பு.)

சிரிக்கலாம். ஆனால் காரணம் இருக்கிறது. எங்கள் பேட்சுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ஒரு காலத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு அதில் மெசேஜ் வந்தால், ஐரோப்பாவில் ஏதோ கால்பந்து மேட்ச் நடக்கிறது என்று அர்த்தம். கடந்த ஏழெட்டு வருடமாக அந்த நேரத்தில் வருவது வேறு. "மச்சான், பாப்பா இன்னும் தூங்கல. உங்க வீட்ல என்ன பண்ணீங்க?" பதில் போடுகிறவனும் தோளில் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஹாலில் நடந்துகொண்டுதான் இருக்கிறான். கேள்வி தூக்கத்தைப் பற்றியது போலத் தெரியும். நாலு மெசேஜ் தாண்டினால் உள்ளே இருக்கிற பயம் வெளியே வரும். இப்போது நாம் செய்வது பிள்ளையைப் பிற்காலத்தில் கெடுத்துவிடுமோ?

அந்தப் பயத்துக்கு நம்மிடம் ஒரு பழமொழியே இருக்கிறது: தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். எங்கள் வீட்டில் இதற்கு இரண்டு விளக்கவுரைகள். என் அம்மா சொல்வார்: "அழுத உடனே தூக்காதேடா. கைச்சூடு கண்டுட்டா அப்புறம் கீழ இறங்காது. பிடிவாதம் புடிச்ச புள்ளையா வளரும்." என் மாமியார் நேர் எதிர்: "பச்சப் புள்ளைய அழ விடக்கூடாதுங்க மாப்பிள்ளை. ஏங்கிப் போயிடும். பயந்த சுபாவமா ஆயிடுமுங்க." இருவரும் அன்பானவர்கள். இருவரும் பிள்ளை வளர்த்துக் காட்டியவர்கள். எதிரெதிராகப் பேசினாலும் ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே கட்சி: முதல் வருடத்து இரவுகளில் நாம் செய்வது பிள்ளையின் குணத்தில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். அது உண்மைதானா என்று தேடிப் படித்துப் பார்த்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

முதலில் குழந்தை ஏன் எழுந்திருக்கிறது என்பது. பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கேட்கும்போது 'இவ்வளவா!' என்றிருக்கும். ஆனால் அதற்கு இரவு பகல் தெரியாது. இருட்டியதும் நமக்குச் சுரக்கிற மெலடோனின், குழந்தைக்கு இரண்டு மூன்று மாதம் ஆன பிறகுதான் ஓர் ஒழுங்குக்கு வருகிறது. தவிர, தூக்கம் சுற்றுச் சுற்றாக வருவது. பெரியவர்களுக்கு ஒரு சுற்று சுமார் 90 நிமிடம், கைக்குழந்தைக்கு 50, 60 நிமிடம். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் ஒரு சின்ன விழிப்பு எட்டிப் பார்க்கும். நமக்கும் அப்படித்தான். தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறோம், காலையில் ஞாபகம் இருப்பதில்லை.

1970-களில் அமெரிக்காவில் தாமஸ் ஆண்டர்ஸ் என்ற மனநல மருத்துவர், குழந்தைகள் தூங்கும் இடத்தில் வீடியோ கேமரா வைத்து இரவு முழுக்கப் பதிவு செய்து பார்த்தார். ராத்திரியில் எழுவதே இல்லை என்று பெற்றோர் சொல்கிற குழந்தையும் எழுந்திருக்கத்தான் செய்கிறது. கொஞ்ச நேரம் சும்மா கிடந்துவிட்டுத் தானே தூங்கிப்போகிறது. இன்னொரு குழந்தை எழுந்ததும் ஆளைக் கூப்பிடுகிறது. எங்கள் பாஷையில் சொன்னால், இரண்டு டாங்கிலும் லெவல் ஒரே மாதிரிதான் ஏறி இறங்குகிறது. ஒன்றில் அலாரம் இணைத்திருக்கிறது, மற்றதில் இல்லை. நாம் அலாரத்தைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

2018-ல் கனடாவில் 388 குழந்தைகளை வைத்து வெளியான ஓர் ஆய்வு என் மனசுக்குப் பெரிய நிம்மதி தந்தது. ஆறு மாதத்தில் தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்காத குழந்தைகள் 38 சதவீதம். ஒரு வயதிலும் 28 சதவீதம். அப்படித் தூங்காத பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியிலோ கை கால் இயக்கத்திலோ குறை எதுவும் தென்படவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் "எங்க பையன் மூணாவது மாசத்துலேயே விடிய விடியத் தூங்குவான்" என்று சொல்லும்போது இந்த எண்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவரோடு வாதாட வேண்டாம், பயனில்லை.

அறிவுரை சொன்னவர்களின் சரித்திரம் தனிக் கூத்து. 1894-ல் நியூயார்க் குழந்தை மருத்துவர் லூத்தர் எம்மெட் ஹோல்ட் ஒரு கையேடு எழுதினார். தொட்டிலை ஆட்டுவது கெட்ட பழக்கம், அழுகை நுரையீரலுக்கு உடற்பயிற்சி என்றார். 1928-ல் ஜான் வாட்சன் என்ற உளவியலாளர் இன்னும் ஒரு படி மேலே போனார்: பிள்ளையை முத்தமிடாதே, மடியில் வைக்காதே, காலையில் வேண்டுமானால் கை குலுக்கு. (பலத்த சிரிப்பு.) எங்கள் அம்மாகூட அவ்வளவு தூரம் போனதில்லை. 1946-ல் பெஞ்சமின் ஸ்பாக் வந்து, தாய்மார்களே, உங்கள் மனசு சொல்வதை நம்புங்கள் என்றார். 1951-ல் ஜான் பவுல்பி உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையில் தாயின் இடையறாத அரவணைப்பு இல்லாவிட்டால் பிள்ளையின் மனநலமே பாதிக்கும் என்றார். அவர் பெரும்பாலும் பார்த்தது பெற்றோரைப் பிரிந்து விடுதிகளில் வளர்ந்த பிள்ளைகளை. வீட்டில் பத்து நிமிடம் அழுத பிள்ளையை அல்ல. ஆனால் பயம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. 1985-ல் பாஸ்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஃபெர்பர், குழந்தையை விழித்திருக்கும்போதே படுக்க வை, அழுதால் கொஞ்சம் பொறுத்துப் போய்ப் பார், பொறுக்கும் நேரத்தை நிமிடம் நிமிடமாக நீட்டு என்றார்.

ஒருவருக்கொருவர் எவ்வளவு தூரம் பாருங்கள். ஆனால் எல்லோருமே சந்தேகமில்லாத குரலில்தான் பேசினார்கள். எங்கள் ஆலையில் ஒரு புது வால்வு வந்தால்கூட டெஸ்ட் சர்டிபிகேட் கேட்போம்.

அந்த நிச்சயக் குரலின் விலை என்ன என்பதற்கு ஒரே ஓர் உதாரணம். ஸ்பாக்கின் புத்தகம் கோடிக்கணக்கில் விற்றது. 1950-களின் பிற்பகுதியிலிருந்து வந்த பதிப்புகளில், மல்லாந்து படுத்தால் வாந்தி தொண்டையில் அடைக்கும், அதனால் குப்புறப் படுக்க வையுங்கள் என்று இருந்தது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பிறகு எண்ணிப் பார்த்தபோதுதான், காரணமே தெரியாமல் தூக்கத்தில் இறந்துபோகும் குழந்தைகளில் குப்புறப் படுத்தவை மிக அதிகம் என்று தெரிந்தது. பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் 'மல்லாக்கப் படுக்க வையுங்கள்' என்று இயக்கம் நடத்தினார்கள். அத்தகைய மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. இந்தக் கூடத்தில் கைக்குழந்தைக்காரர்கள் இருந்தால், நான் சொல்லும் மற்றதை எல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: மல்லாக்க, கெட்டியான, சமமான படுக்கையில். தூளியில் ஆட்டினால் தூக்கம் வரும் என்பது உண்மைதான். ஆனால் அதில் தலை முன்னால் கவிழ்ந்து தாடை நெஞ்சில் முட்டினால் சின்னக் குழந்தைக்கு மூச்சுப் பாதை மடங்கும். அதனால் தூங்கியதும் எடுத்துக் கீழே படுக்க வைத்துவிடுங்கள். எடுக்கும்போது முழித்துக்கொள்ளும், தெரியும். வேறு வழியில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தூக்கத்துக்கும் பிற்கால நடத்தைக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. 2011-ல், குழந்தைகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த 22 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 16,848 பிள்ளைகள். கைக்குழந்தையாக இருந்தபோது ஓயாத அழுகை, தூக்கக் குறைவு, பால் குடிப்பதில் தகராறு என்று இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் கவனக் குறைவு, துறுதுறுப்பு, முரட்டுத்தனம் போன்ற பிரச்சினைகள் அதிகமாக வந்திருந்தன. ஒன்றுக்கு மேல் பிரச்சினை சேர்ந்திருந்தாலும், குடும்பத்திலும் சிக்கல் இருந்தாலும், இன்னும் அதிகம்.

இதைச் செய்தித்தாளில் அரைப் பக்கத்தில் படித்தால் என்ன தோன்றும்? 'தூங்க வைக்கத் தெரியாத பெற்றோர், அடங்காத பிள்ளை.' இங்கேதான் கன்ட்ரோல் ரூம்காரனுக்கு மூக்கு வியர்க்கும். இரண்டு டிரெண்ட் ஒன்றாக ஏறுகிறது என்றால் ஒன்று மற்றதைத் தள்ளுகிறது என்று அர்த்தமில்லை. கீழே ஒரு பம்ப் அதிர்ந்தால் மேலே இரண்டு மீட்டரும் சேர்ந்து ஆடும். பிறவியிலேயே சட்டென்று கிளர்ச்சி அடைகிற குழந்தை, கைக்குழந்தையில் தூங்காது, ஆறு வயதில் ஓர் இடத்தில் உட்காராது. இரண்டுக்கும் காரணம் அதன் சுபாவமாக இருக்கலாம். அல்லது வீட்டில் பணக் கஷ்டம், சண்டை, தாய்க்கு மனச்சோர்வு. அதுவும் தூக்கத்தையும் கெடுக்கும், பிற்கால நடத்தையையும் கெடுக்கும். எது எதைத் தள்ளுகிறது என்று அறிய ஒரே வழி, குடும்பங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் மட்டும் தூங்க வைக்கும் முறையை மாற்றி, வருடங்கள் கழித்துப் போய்ப் பார்ப்பது. சொல்வது சுலபம். செய்ய ஆறு வருடம் பொறுமை வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் மெல்பர்னில் அதைச் செய்தார்கள். ஹாரியட் ஹிஸ்காக் என்ற குழந்தை மருத்துவரின் குழு. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் மாதிரி அங்கே தாய் சேய் நல மையங்கள் உண்டு. ஏழு மாதக் குழந்தைக்குத் தூக்கப் பிரச்சினை இருக்கிறது என்று சொன்ன 328 குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். மையங்களைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பக்கத்து மையங்களின் நர்சுகளுக்கு மட்டும் பயிற்சி தந்தார்கள். அந்த நர்சுகள் தாய்மார்களுக்கு இரண்டு முறைகளைக் காட்டினார்கள். ஒன்று, முன்னே சொன்ன மாதிரி சிறிது சிறிதாக இடைவெளி விட்டுப் போய்ச் சமாதானப்படுத்துவது. இன்னொன்று மென்மையானது: தொட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாளாக ஆக நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவுப் பக்கம் நகர்த்துவது. எதை வேண்டுமோ அதைப் பெற்றோரே தேர்ந்தெடுக்கலாம். மற்ற பக்கத்துக்கு வழக்கமான கவனிப்பு மட்டும்.

பத்தாவது மாதத்தில், பயிற்சி பெற்ற பக்கத்தில் தூக்கப் பிரச்சினை இன்னும் இருக்கிறது என்றவர்கள் 56 சதவீதம், மற்ற பக்கத்தில் 68 சதவீதம். குறைந்தது, மாயம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஆறு வயதில் போய்ப் பார்த்தார்கள். அப்போது 225 பிள்ளைகள் கிடைத்தார்கள். கிட்டத்தட்ட பத்தில் மூன்று பேர் கைவிட்டுப் போயிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நடத்தை, மனநலம், தூக்கம், உடம்பின் மன அழுத்த அளவு, பெற்றோரிடம் உள்ள ஒட்டுதல், எல்லாவற்றையும் அளந்தார்கள். 2012-ல் முடிவு வெளியானது. இரண்டு பக்கத்துக்கும் எதிலுமே வித்தியாசம் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அழ விட்டால் பிள்ளை ஏங்கிப்போகும் என்ற என் மாமியாரின் பயத்துக்கு அதில் ஆதாரம் இல்லை. அதே மாதிரி, சீக்கிரமே 'பழக்கினால்' ஒழுங்கான பிள்ளையாக வளரும் என்ற என் அம்மாவின் நம்பிக்கைக்கும் ஆதாரம் இல்லை. ஆறு வயதில், பழக்கிய பிள்ளையும் பழக்காத பிள்ளையும் ஒன்றுதான். இரண்டு பேருமே தோற்றுப்போனதால் எங்கள் வீட்டில் சமாதானம்.

வேறு ஆய்வுகளும் இதே பக்கம்தான் சாய்கின்றன. 2016-ல் அடிலெய்டில் 43 குழந்தைகளைக் குலுக்கிப் பிரித்து, எச்சிலில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனையும் அளந்து, ஒரு வருடம் கழித்து ஒட்டுதலையும் நடத்தையையும் பார்த்தார்கள். வித்தியாசம் இல்லை. சின்ன ஆய்வுதான். 2020-ல் பிரிட்டனில் 178 குழந்தைகளைப் பார்த்த ஆய்வில், அழ விட்ட வீட்டுப் பிள்ளைக்கும் விடாத வீட்டுப் பிள்ளைக்கும் பதினெட்டாம் மாதத்தில் மோசமான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. மறுபக்கம், பிள்ளையைத் தன்னோடு படுக்க வைத்துக்கொள்வது கெடுதல் என்று மேல்நாட்டில் ஒரு பயம் உண்டு. கலிபோர்னியாவில் 205 குடும்பங்களைப் பதினெட்டு வருடம் பின்தொடர்ந்து 2002-ல் வெளியிட்டார்கள். கூடப் படுத்து வளர்ந்த பிள்ளைகள் அதனால் கெட்டுப்போகவில்லை.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சோதனைகள் எல்லாம் குழந்தைக்கென்று தனித் தொட்டில், பல வீடுகளில் தனி அறையே இருக்கிற ஊர்களில் நடந்தவை. நம் வீடுகளில் ஒரே பாயில் அம்மா, பாப்பா, சுவரோரம் பாட்டி. 17 நாடு, பகுதிகளில் மூன்று வயது வரையுள்ள 29,287 பிள்ளைகளைப் பற்றி 2010-ல் ஒரு கணக்கு வந்தது. பெற்றோரின் படுக்கையில் தூங்குவது நியூசிலாந்தில் 6 சதவீதத்துக்கும் கீழே, வியட்நாமில் 83 சதவீதம். 'அழ விடுவதா வேண்டாமா' என்ற சண்டையே தனி அறைக்காரர்களின் சண்டை. அதைப் போனில் இறக்குமதி செய்து, அந்தக் குற்ற உணர்ச்சியையும் கூடவே இறக்கிக்கொள்கிறோம். எந்த முறையும் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், பிள்ளை கெட்டுப்போகாது. செய்து பார்க்க வேண்டும் என்றால் ஆறு மாதத்துக்கு முன்னால் வேண்டாம். அதற்கு முன் அழுவது பெரும்பாலும் பசிக்கும் உடம்புக்கும்தான்.

மெல்பர்ன் ஆய்வில் நான் இன்னும் சொல்லாத ஓர் எண் இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமானது. குழந்தைக்கு இரண்டு வயதானபோது தாய்மார்களைப் பரிசோதித்தார்கள். உதவி கிடைக்காத பக்கத்தில் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தவர்கள் 26.4 சதவீதம். நர்சின் உதவி கிடைத்த பக்கத்தில் 15.4 சதவீதம். எல்லோரும் பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்க, அந்த இரவுகளின் சுமை நிஜமாகவே இறங்கியிருந்தது பக்கத்தில் படுத்திருந்தவள் மேல். முன்னே சொன்ன கனடா ஆய்வில், குழந்தை எழுவதற்கும் தாயின் மனநிலைக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆக, குழந்தை எழுவது மட்டுமே தாயைச் சாய்த்துவிடுவதில்லை. அதைப் பிரச்சினை என்று நினைத்துத் தனியாகத் தவிப்பதுதான் சாய்க்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். இது என் அபிப்பிராயம்.

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். பேறுகாலத்துக்குப் போன என் மனைவி ஐந்தாம் மாதம் அம்மா வீட்டிலிருந்து வந்தாள். ஆறாம் மாத முடிவில் அவளுக்கு விடுமுறை தீர்ந்து ஆபீஸ் போக வேண்டும். 2017-ல் சட்டத்தைத் திருத்தி மகப்பேறு விடுப்பை 26 வாரமாக்கினார்கள். நல்ல சட்டம். ஆனால் கணக்குப் பாருங்கள், 26 வாரம் என்றால் ஆறு மாதம். மெல்பர்னில் தாய்மார்கள் உதவி கேட்டு வந்தது ஏழாம் மாதம். பிள்ளை உறவினரையும் வேற்று முகத்தையும் பிரித்தறிந்து, அம்மாவைத் தேடி அழ ஆரம்பிக்கிற நேரத்தில் இங்கே அம்மா பஸ் பிடிக்க ஓடுகிறாள். ஒரு நாள் காலை என் மனைவி டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை.

ஷிப்ட் வேலை பார்க்கிறவர்களுக்கு இது என்னவென்று தெரியும். 1997-ல் அடிலெய்டில் ஒரு சோதனை செய்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கையும் கண்ணும் சேர்ந்து இயங்கும் திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிட்டது. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதித்த அளவு 0.03. ஆலையில் இதற்காகத்தான் ஷிப்ட் மாற்றுகிறோம். ஒரே ஆளை இருபத்து நாலு மணி நேரமும் பேனல் முன்னால் உட்கார வைத்தால் சேப்டி ஆபீசர் விடமாட்டார். வீட்டில் மட்டும் ஒரே ஆள், ரிலீவர் கிடையாது, அதுவும் மாசக்கணக்கில்!

அதனால் எங்கள் வீட்டில் ஷிப்ட் போட்டோம். எனக்குப் பகல் வேலை இருக்கும் வாரங்களில் இரவு 9 முதல் 2 வரை நான், 2 முதல் 6 வரை அவள். எடுத்து வைத்த தாய்ப்பால் பிரிட்ஜில். ஷிப்ட் என்றால் ஹேண்ட்-ஓவர் வேண்டுமே, ஒரு நாற்பது பக்க நோட்டை லாக் புக் ஆக்கினோம். '11.20 எழுந்தது. தட்டிக் கொடுத்துத் தூக்கம். 12.40 பால் 90 மில்லி. 1.10 தூக்கம்.' இரண்டு வாரம் கழித்துக் கூட்டிப் பார்த்தால் எங்கள் பெண் ஒரு நாளில் 13 மணி நேரம் தூங்கியிருக்கிறாள்! 'இவ தூங்கறதே இல்ல' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த வயதுக்கு 12 முதல் 16 மணி நேரம் போதும். குழந்தையிடம் குறையே இல்லை. தூங்காதது நாங்கள். இரண்டு பேருக்கும் தொடர்ந்து நாலைந்து மணி நேரத் தூக்கம் கிடைக்க ஆரம்பித்ததும் வீட்டில் குரல்கள் தணிந்தன. இப்போது அவளுக்கு ஆறு வயது. எப்படி இருக்கிறாள் என்று கேட்காதீர்கள், மேடைக்குப் பக்கத்தில் மைக் ஒயரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பது அவள்தான். (சிரிப்பு.)

எந்தத் தாய்க்காவது இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமல், குழந்தை தூங்கும்போதுகூடத் தூக்கம் வராமல், 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்று தோன்றிக்கொண்டே இருந்தால் அது அலுப்பு மட்டும் அல்ல. டாக்டரிடம் போக வேண்டும். 14416 என்று டெலி-மானஸ் எண் இருக்கிறது, 2022 முதல் அரசு நடத்துவது, தமிழிலும் பேசலாம். 'புள்ள பெத்தவளுக்கு இதெல்லாம் சகஜம்' என்று சொல்லி உட்கார வைக்காதீர்கள்.

அப்படியானால் தூக்கத்தில் எதுவுமே நீடிக்காதா என்றால், நீடிக்கிற சில உண்டு. அவை நாம் கவலைப்படும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான். ஒன்று, குறட்டை. பிரிட்டனில் 11,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். சின்ன வயதில் தொடர்ந்து குறட்டை விட்டு, வாயால் மூச்சு விட்டு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்த பிள்ளைகளுக்கு நாலு வயதிலும் ஏழு வயதிலும் நடத்தைப் பிரச்சினைகள் கணிசமாக அதிகம். நம் வீடுகளில் குழந்தை குறட்டை விட்டால் 'அப்படியே தாத்தா மாதிரி' என்று வீடியோ எடுக்கிறோம். சளி இல்லாத நாளிலும் குறட்டை வந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். அடினாய்டு சதை வளர்ந்திருந்தால் வைத்தியம் உண்டு.

இன்னொன்று, படுக்கும் நேரம். 2013-ல் பிரிட்டனில் 10,230 ஏழு வயதுப் பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆய்வு. மூன்று, ஐந்து, ஏழு வயதில் படுக்கும் நேரம் ஒழுங்கில்லாமல் இருந்தவர்களுக்கு நடத்தைச் சிக்கல்கள் அதிகம். எத்தனை வருடம் ஒழுங்கில்லையோ அத்தனை அதிகம். குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை, அதனால் முன்னே சொன்ன சந்தேகம் இதற்கும் பொருந்தும். ஆனால் ஒழுங்குக்கு வந்த பிள்ளைகளின் நடத்தை பிறகு மேம்பட்டிருந்தது. அது வெறும் சுபாவம் என்றால் அப்படி மாறியிருக்காது. தொட்டில் காலத்தைவிட நர்சரி, ஒண்ணாங்கிளாஸ் காலம் நம் கையில் அதிகம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. நம் வீட்டில் அந்த வயதில் என்ன நடக்கிறது? சீரியல் முடிய பத்து மணி. அமெரிக்கக் கம்பெனி கால் முடிந்து அப்பா வர பத்தரை. "பாப்பா முழிச்சிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே லைட்டைப் போடுகிறார். எனக்கும் அந்த ஆசை புரிகிறது. காலையில் அரைமணி முன்னால் எழுந்து பள்ளிக்கூடத்துக்கு நீங்களே தயார் செய்யுங்கள், பேச நிறைய நேரம் கிடைக்கும்.

மாணவர்களுக்கு இதெல்லாம் இன்னும் பத்து வருடம் கழித்து வரும் விஷயம். ஹாஸ்டலில் செமஸ்டருக்கு முந்திய இரவு கண் விழிப்பதோடு ஒப்பிட்டு 'நாங்களும் தூங்காதவங்கதான்' என்று நினைக்காதீர்கள். அது ஒரு வாரம், இது ஒரு வருடம். கல்யாணத்துக்கு முன் சமையல் தெரியுமா, சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறார்களே, ராத்திரி ஷிப்டை எப்படிப் பிரிப்போம் என்று பெண் பிள்ளைகள் கேட்டால் தப்பில்லை. (மாணவிகள் பக்கம் கைதட்டல்.)

கடைசியாக முன் வரிசையில் இருப்பவர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்களில் பத்துப் பேராவது சொந்தமாகத் தொழிற்சாலை நடத்துகிறீர்கள். இன்னும் பலர் ஆள் எடுக்கும், ஷிப்ட் போடும் பொறுப்பில் இருக்கிறீர்கள். மத்திய அரசு ஊழியருக்குக் குழந்தை பிறந்தால் தந்தைக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியாரில் அது முதலாளியின் மனசைப் பொறுத்தது. நான் கேட்பது பெரிய செலவு வைக்கும் விஷயமில்லை. குழந்தை பிறந்த ஊழியரை முதல் ஒரு வருடம் நைட் ஷிப்டில் போடாதீர்கள். முடியாவிட்டால், மனைவி வேலைக்குத் திரும்பும் அந்த ஆறாம் மாதத்திலிருந்து மூன்று மாதமாவது. ஷிப்ட் ரோஸ்டரில் ஒரு பெயரை மேலே கீழே மாற்றும் வேலை. எங்கள் ஆலையில் இதைக் கேட்டுப் போன வருடம் இரண்டு பேருக்கு வாங்கியிருக்கிறோம். மதியச் சாப்பாட்டின்போது ஒரு தாள் சுற்றுக்கு வரும், ஒப்புக்கொள்கிறவர்கள் நிறுவனத்தின் பெயரை எழுதிக் கொடுங்கள். அடுத்த ஆண்டுக் கூடலில் எத்தனை பேர் செய்தார்கள் என்று இதே மேடையில் படிக்கிறேன்.

இருபது நிமிடம் தாண்டிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.